பட்டம் போயிற்று, பாத்தியதை போகவில்லை

2024 நவம்பர் 25-ஆம் தேதி சித்தோர்கோட்டையில் மேவார் வம்சத்தின் பட்டம் சூட்டப்பெற்ற விசுவராஜ் சிங், அன்றே உதயப்பூர் அரண்மனைக்குள் இருக்கும் குலவழிபாட்டிடத்தை வணங்கச் சென்றபோது, அரண்மனையைத் தம் வசம் வைத்திருந்த சிற்றப்பன் குடும்பத்தார் வாயிலை அடைத்துவிட்டனர். இரவில் கற்கள் பறந்தன. மாவட்ட நிர்வாகம் தடையுத்தரவு பிறப்பித்து, வழக்கிலிருந்த இடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. முடியாட்சி மறைந்து, மன்னர் மானியமும் ஒழிந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும், ஒரு பட்டம் யாரைச் சேரும் என்ற வினா தெருவில் காவல்துறையை நிறுத்தும் அளவுக்கு உயிரோடிருப்பதன் காரணத்தை ஆராய்வது நம் கடமை.

அது வடநாட்டு அரச குடும்பமொன்றின் சொந்தச் சச்சரவு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. தமிழ்நாட்டிலும் பழைய சமஸ்தானங்களோடும் ஜமீன்களோடும் பிணைந்த கோயில்கள், கட்டளைகள், சத்திரங்கள், குளங்கள், அரண்மனைகள், ஓலைச்சுவடிகள் ஆகியவை இன்றளவும் ஊர்தோறும் இருக்கின்றன. ஜமீன் வாரிசுகள் இருவர் ஒரே பரிவட்டத்துக்குப் போட்டியிட்டால் தேர் நிலையிலேயே நின்றுவிடும். அறங்காவலர் யாரென்று தீராத வரையில் கோயில் நிலத்தின் குத்தகையை வசூலிப்பார் இல்லை. அரண்மனையின் அறைகள் வழக்கின் பேரால் பூட்டப்பட்டால் உள்ளே இருக்கும் சுவடிகளைச் செல் அரிக்கும். இந்த நஷ்டங்களை அனுபவிப்பவர்கள் அந்தக் குடும்பத்தார் மட்டும் அல்லர். தேர் இழுக்கக் காத்திருக்கும் ஊரார், அந்த நிலத்தை உழும் குத்தகைதாரர், அச்சுவடியைத் தேடி வரும் மாணவர் ஆகிய அனைவருமே.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

இந்திய அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு, இராணுவ, கல்விச் சிறப்புகள் நீங்கலாக வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்கிறது. 1971-இல் நிறைவேறிய 26-ஆவது திருத்தம், முன்னாள் மன்னர்களுக்கு அதுவரை இருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. ஜமீன்களின் கதையோ அதற்கு முன்பே, 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்துபோயிற்று. ஆகவே இன்று எந்தச் சர்க்கார் தஸ்தாவேஜும் ஒருவரை ராஜா என்று ஆக்கவும் முடியாது, ஆக்க மறுக்கவும் வேண்டியதில்லை.

பட்டத்தை அகற்றிய சட்டம், அந்தப் பட்டத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு வந்த பொறுப்புகளை என்ன செய்வது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. இந்து சமய அறநிலையச் சட்டம், ‘பரம்பரை அறங்காவலர்’ என்பவரைப் பரம்பரை உரிமையாலோ, வழக்கத்தாலோ, நிறுவியவர் வகுத்த ஏற்பாட்டாலோ அப்பதவிக்கு வருபவர் என்று விளக்குவதோடு நின்றுவிடுகிறது. அந்த வழக்கம் யாது, அதை எழுதி வைத்தவர் யார், எழுதிவைக்காத இடத்தில் எந்தச் சாட்சியத்தை நம்புவது என்ற வினாக்களெல்லாம், தந்தை இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பங்காளிகள் எதிரெதிரே நிற்கும்போதுதான் முதன்முறையாக எழுகின்றன.

அப்படி எழுந்தபின் அவை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குத் தமிழகத்துச் சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

சிவகங்கை: முப்பத்துநான்கு ஆண்டுகள்

1801-ஆம் ஆண்டில் மருது சகோதரர்களின் கிளர்ச்சியை ஒடுக்க முற்பட்ட கம்பெனி சர்க்கார், படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைச் சீமையின் அதிபதியாக அமர்த்தி, இரண்டாண்டுகளுக்குப் பின் நிரந்தர சன்னதும் வழங்கியது. அவர் 1829-இல் காலமானபோது அவருக்குப் பின் ஆண் சந்ததி இல்லை. மனைவியரும் பெண்மக்களும் இருந்தனர். முன்பே இறந்துபோன தமையனாரின் மகனும் இருந்தார். சீமையைக் கைக்கொண்டவர் அந்தத் தமையன் மகன்தான். ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்களுக்கு என்ன பாத்தியதை என்பதே அன்றைய பொதுப் பேச்சாக இருந்திருக்கும்.

கைம்பெண்களுள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நெடுநாள் வழக்காடி, முடிவைக் காணாமலே 1850-இல் மறைந்தார். அவருக்குப் பின் கௌரி வல்லபரின் மகளான காத்தம நாச்சியார் அந்த வழக்கின் பாரத்தைத் தம் தோளில் ஏற்றார். மதுரையிலும் சென்னையிலும் தோற்று, கடல் கடந்து இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் அது சென்றது.

அங்கே கேட்கப்பட்ட வினா மிகவும் எளியது. இந்தச் சீமை கூட்டுக்குடும்பத்தின் பூர்விகச் சொத்தா, கௌரி வல்லபர் தாமே பெற்றதா? பூர்விகமானால் உயிரோடிருக்கும் ஆண் தாயாதிக்குப் போகும். சுயார்ஜிதமானால் மனைவிக்கும் அவருக்குப் பின் மகளுக்கும் போகும். குடும்பம் பிரியாத குடும்பமாகவே இருந்தாலும், சீமை கம்பெனியார் அவருக்கென்று கொடுத்ததே ஆகையால் அது சுயார்ஜிதம் என்று 1863 நவம்பரில் தீர்ப்பாயிற்று. காத்தம நாச்சியார் வென்றார். தந்தை இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றளவும் இந்த வழக்கைச் ‘சிவகங்கை வழக்கு’ என்று படிக்கிறார்கள். அவர்கள் படிப்பது சொத்தின் தன்மையைப் பற்றிய விதியை. நான் அதில் காண்பது வேறொன்று: இருபத்தொன்பது வயதில் பாத்தியதை பிறந்த ஒருவருக்கு அறுபத்துமூன்று வயதில் தீர்ப்புக் கிடைத்தால், நடுவில் கழிந்த ஆயுளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. அந்த முப்பத்துநான்கு ஆண்டுகளில் கண்மாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அதிகாரம் வக்கீல்களின் காகிதக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்தம நாச்சியார் மறைந்த பின்னரும் வழக்கு ஓயவில்லை. அடுத்த வாரிசு யார் என்று 1881-இல் மறுபடியும் பிரிவி கவுன்சில் சொல்லவேண்டியதாயிற்று.

வழக்கம் என்பது கல்லில் வெட்டியதன்று

பட்டம் எப்போதும் மூத்த ஆண்மகனுக்கே என்பது அநாதி காலத்துச் சம்பிரதாயம் என்று இன்று வாதிடுகிறவர்கள் நம் சொந்த நாட்டின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப்பார்ப்பது நல்லது. அதே சிவகங்கையில், 1772-இல் காளையார்கோயிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார், எட்டாண்டுகள் தலைமறைவாயிருந்து படை திரட்டி மீண்டுவந்து, 1780-இல் அரசுரிமையை ஏற்றார். இராமநாதபுரத்தில், 1795-இல் பட்டத்திலிருந்து இறக்கப்பட்ட முத்துராமலிங்க சேதுபதி சென்னையில் சிறையிருந்தபோது, நிரந்தர சன்னது அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்கே கிடைத்தது. இவ்விரு தேவஸ்தானங்களிலும் அண்மைக் காலத்தில் பரம்பரை அறங்காவலர் பொறுப்பைப் பெண்கள் வகித்திருக்கிறார்கள்.

இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களில், முத்துவிசய ரகுநாத சேதுபதி இராசராசேசுவரி அம்மனின் கையிலிருந்து செங்கோலைப் பெறுகின்ற காட்சி ஒன்று உண்டு. அரசுரிமை தந்தையிடமிருந்து மட்டும் வருவதாக அந்த ஓவியம் சொல்லவில்லை. தெய்வத்தின் முன்னே ஏற்றுக்கொண்ட ஒரு கடமையாக அதைக் காட்டுகிறது. அந்தக் கட்டடம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருப்பதால், யாரும் சென்று அந்தச் சுவர் முன் நின்று பார்க்கலாம். குடும்பப் பாகப்பிரிவினையில் அந்தச் சுவர் அகப்பட்டிருந்தால் வண்ணம் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

மகன் இல்லாத இடத்தில் தத்தெடுக்கும் உரிமையும் இவ்வாறே போராடிப் பெற்றது. இராமசாமி சேதுபதி 1830-இல் மறைந்தபின், அவர் மனைவி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தபோது, கணவனின் முன் அனுமதி இல்லாத தத்து செல்லாது என்று மறுத்தவர்கள் சர்க்கார் தரப்பினர். வாரிசற்றுப் போனால் ஜமீன் சர்க்காருக்கே சேரும் அல்லவா? 1868-இல் பிரிவி கவுன்சில், திராவிட நாட்டில் உறவினரின் சம்மதத்தோடு கைம்பெண் தத்தெடுப்பது செல்லும் என்றும், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டில் உள்ள விதிக்கும் மேலானது என்றும் தீர்த்தது. அந்தத் தத்துப்பிள்ளையான முத்துராமலிங்க சேதுபதியின் மகன்தான், 1893-இல் விவேகானந்தர் சிகாகோ செல்வதற்குப் பொருளுதவி செய்த பாஸ்கர சேதுபதி. ஒரு பெண்ணின் தத்து செல்லாது என்று தீர்ந்திருந்தால் அந்த மரபே அங்கே அற்றுப்போயிருக்கும்.

புதுக்கோட்டையில் யார் தீர்மானித்தது?

புதுக்கோட்டையின் கதை இன்னும் வெளிப்படையானது. இராமச்சந்திர தொண்டைமான் தம் மகள் வயிற்றுப் பேரனான மார்த்தாண்டனை 1877-இல் தத்தெடுத்தார். அவர் 1886-இல் மறைந்ததும் பட்டம் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு வந்தது. அவர் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்மணியான மாலி பிங்கை மெல்போர்னில் மணந்தார். மறுவருடம் ஒரு மகன் பிறந்தான். முறைப்படி மணந்த மனைவியின் மகன், அதுவும் ஒரே மகன். ஆயினும் பிரிட்டிஷ் சர்க்கார் அந்த மகனின் உரிமையை ஏற்கவில்லை. ராஜா நாட்டை விட்டு வெளியே வாழ்ந்து 1928-இல் பாரிஸில் காலமான பிறகு, அரச குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் இராசகோபாலத் தொண்டைமானைப் பட்டத்துக்கு அமர்த்தினார்கள்.

இரத்தத்தின் உரிமை என்றும் மூத்தவன் என்றும் பேசப்படுபவை எல்லாம் ஆட்சியாளரின் அங்கீகாரத்தின் முன் எவ்வளவு மெல்லியவை என்பதற்கு இதைவிட நிதர்சனம் வேண்டுமா? மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒரு தலைமுறையில் கிடைத்தது, மகனுக்கே அடுத்த தலைமுறையில் கிடைக்கவில்லை. பட்டத்தைத் தந்ததும் தடுத்ததும் அன்றைய சர்க்கார். அந்த வேலையிலிருந்து குடியரசு விலகிக்கொண்டது நியாயமே. விலகும்போது, அந்தப் பட்டத்தின் கீழ் இருந்த பொதுக்காரியங்களை யார் கையில் விட்டுப்போகிறோம் என்று அது கவலைப்படாமற்போனதுதான் குறை.

இராசகோபாலத் தொண்டைமானின் காலத்தில், 1948 மார்ச்சில், புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அவர் வாழ்ந்த அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுக்களை ஏந்திக்கொண்டு, ராஜாக்களுக்கென்று கட்டப்பட்ட அந்த வளாகத்துக்குள் கிராமத்து மக்கள் நுழைகிறார்கள். ஓர் அரச குடும்பம் தன் காலம் முடிந்ததை உணர்ந்து நடந்துகொண்டால் ஊருக்கு எவ்வளவு நன்மை விளையும் என்பதை அங்கே சென்று பார்க்கலாம்.

இன்றைய நீதிமன்றங்களின் போக்கு

உச்ச நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் மூன்று பெரிய வழக்குகளில் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. ராம்பூர் நவாபின் சொத்து, பட்டத்துக்கு வந்த மூத்த மகனுக்கே முழுவதும் என்ற வாதத்தை 2019-இல் அது தள்ளி, இஸ்லாமியத் தனிச்சட்டப்படி பெண்கள் உள்ளிட்ட எல்லா வாரிசுகளுக்கும் பங்கு என்றது. பரீத்கோட் மகாராஜாவின் பேரில் புனையப்பட்ட உயில் பொய்யானது என்று கீழ்நீதிமன்றங்கள் கண்டதை 2022-இல் உறுதிசெய்து, முப்பதாண்டுகள் வழக்காடிய மகளின் பக்கம் நின்றது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கில், 2020-இல், மன்னர் என்ற பதவி மறைந்தாலும் கோயிலைப் பேணும் உரிமை அந்தக் குடும்பத்தின் மரபுப்படி தொடரும் என்று ஒப்பி, அதே மூச்சில் மாவட்ட நீதிபதியின் தலைமையில் நிர்வாகக் குழுவுக்கும் வழிசெய்தது.

இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் சொத்து வேறு, பட்டம் வேறு, பொறுப்பு வேறு என்ற பாகுபாடு விளங்கும். சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. பட்டம் வெறும் பெயர். குடும்பத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும். பொறுப்பு மட்டும் ஊராரையும் தொடுவது. அதற்குப் பகிரங்கமான கணக்கு வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பட்டம் சூடியவனே அரண்மனைக்கும் கோயிலுக்கும் குத்தகைக்கும் ஏகபோக எஜமானன் என்று எண்ணுவதாலேதான் உதயப்பூர்க் காட்சிகள் நேர்கின்றன.

செய்யக்கூடியவை

முதலாவதாக, தமிழ்நாட்டு அறநிலையத் துறை தன் வசமுள்ள பரம்பரை அறங்காவலர் பதவிகள் ஒவ்வொன்றுக்கும் வாரிசு முறை யாது என்பதை, இன்று பதவியில் இருப்பவர் உயிரோடிருக்கும்போதே, ஆதாரங்களோடு எழுத்தில் பதிந்து, கோயில் அறிவிப்புப் பலகையிலும் துறையின் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அப்போதே சொல்லட்டும். சாவு வீட்டில் தொடங்கும் வழக்கைவிட, சமாதான காலத்தில் கேட்கப்படும் ஆட்சேபம் எளிதில் தீரும்.

அறநிலையச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, பரம்பரை அறங்காவலர் யார் என்பதையும் கோயில் மரியாதைக்கு உரியவர் யார் என்பதையும் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் துறையின் இணை ஆணையருக்குத் தந்திருக்கிறது. அதற்குக் காலவரம்பு வேண்டும்; ஓராண்டுக்குள் முடிவு சொல்லியே ஆகவேண்டும் என்று விதித்தால் போதும். முடிவு வரும்வரை குத்தகை வசூலும் பூசையும் திருவிழாவும் தடைப்படாமல் தக்கார் ஒருவர் நடத்திவர, மரியாதை எவருக்கும் இல்லாமல் தேர் புறப்படட்டும்.

இன்னொன்றை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1989-இலேயே மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு தந்த மாநிலம் தமிழ்நாடு. இந்தியா முழுவதும் அந்த உரிமை 2005-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில், எழுதப்படாத ‘மூத்த ஆண்மகன்’ வழக்கத்தைக் காட்டி ஒரு மகளை அறங்காவலர் பதவியிலிருந்து ஒதுக்க இடமிருக்கலாகாது. நிறுவியவரின் சாசனத்தில் தெளிவாக வேறு வகை சொல்லப்பட்டிருந்தாலன்றி, மகனும் மகளும் சமம் என்ற ஒரு வரியை அறநிலையச் சட்டத்தில் சேர்ப்பது சட்டமன்றத்துக்கு ஒரு நாள் வேலை.

அரசாங்கத்தின் காகிதங்களைப் பொறுத்தவரை, 2022-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் வழக்கு ஆவணங்களில் ராஜா, மகாராஜா முதலிய அடைமொழிகள் கூடா என்று சொன்னதை நாமும் கைக்கொள்ளலாம். திருமண அழைப்பிதழில் யாரும் எதையும் போட்டுக்கொள்ளட்டும். கோயில் அழைப்பிதழிலும் அரசு விழா மேடையிலும் அறங்காவலர் என்ற பதவிப்பெயரே போதுமானது.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருப்பவர் நல்ல நினைவோடிருக்கும் நாளில் பதிவு செய்யப்பட்ட உயில் ஒன்று எழுதி, சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்து, கட்டளைகளை யார் நடத்துவது என்பதைத் தனியே குறிப்பிட்டு, அதைப் பங்காளிகளுக்கும் பெண்மக்களுக்கும் வாசித்துக் காட்டிவிட்டால், காத்தம நாச்சியாருக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கு நேராது.

கடைசியாக, சுவடிகளும் கணக்குப் புத்தகங்களும் செப்பேடுகளும். பழைய ஜமீன் குடும்பம் எதிலேனும் பாகவழக்குத் தாக்கலாகும்போது, முதல் வாய்தாவிலேயே நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமித்து, அரண்மனையில் உள்ள ஆவணங்களுக்கு அட்டவணை எடுத்து, உரிமை யாருக்கென்று பிறகு தீரட்டும் என்று அவற்றை நகலெடுத்துத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்க்க உத்தரவிடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணையரை நியமிக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாகவே, நிலுவையில் உள்ள வழக்குகளில் இந்தப் பணியைத் தொடங்குமாறு உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.